கொழுத்த குட்டிகளே முதலில் விழுந்தன

ஏரல் பக்கம் நானும் என் கணவரும் வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறோம். சென்ற ஆண்டு ஓர் ஈற்றுக் குட்டிகளைத் தாயிடமிருந்து ஒரேயடியாகப் பிரித்து, சீக்கிரம் எடை ஏறட்டும் என்று புண்ணாக்கும் மக்காச்சோளமும் கலந்த தீவனத்தை வயிறு முட்டக் கொடுத்தோம். அடுத்த வாரமே ஒரு காலையில் மூன்று குட்டிகள் செத்துக் கிடந்தன. இன்னொன்று இமை வீங்கித் தள்ளாடியது. நான்குமே நன்றாகத் தின்று கொழுத்தவை. மெலிந்த குட்டிகளுக்கு ஒன்றுமில்லை.

“நல்லா திங்கிற குட்டி சும்மா சாவுமா? பக்கத்து வாழைத்தோட்டத்துக்காரன்தான் விஷம் வச்சிருக்கான்” என்று என் கணவர் கம்பை எடுத்துவிட்டார். நாற்றம் தாங்கவில்லை என்று அந்த அண்ணாச்சி முன்பு எங்களோடு சண்டை போட்டவர்.

நான் வழியை மறித்து நின்றேன். “டாக்டரம்மா வந்து பாக்கட்டும். பொறவு போங்க.”

கால்நடை மருத்துவர் செத்த குட்டியை அறுத்துப் பார்த்தார். “யாரும் விஷம் வைக்கல. இது ஒரு கிருமியோட வேலை. அது குட்டியோட குடல்லயே கிடக்கும். பால் சட்டுனு நின்னு, கனத்த தீவனம் உள்ள போனதும் பெருகி நஞ்சைக் கக்கிருச்சு. அதான் நிறைய தின்ன குட்டியா பாத்து விழுந்திருக்கு” என்றார்.

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். தள்ளாடிய குட்டியும் பிழைக்கவில்லை. தீவனத்தை உடனே குறைத்து மருந்து கொடுத்ததால் மற்றவை தப்பின.

இப்போது தாயிடம் பால் குடிக்கும்போதே குட்டிகளுக்குத் தீவனத்தைப் பழக்குகிறேன். பிரித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை போடுகிறேன். இன்னும் கேட்டுக் கத்தும். கத்தட்டும் என்று விட்டுவிடுகிறேன். அதற்குப் பின் பிரித்த குட்டிகளில் ஒன்றுகூட அப்படி விழவில்லை.