நான் அடைத்த வளை

ஏரியில் இறால் தடவும்போது பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வோம். இரண்டு கையும் சேற்றில் தேட வேண்டுமே. பேச்சுக்கு வழியில்லை. மனைவி போய்ச் சேர்ந்து, மகளும் மீஞ்சூரில் குடும்பமாகிவிட்ட பிறகு, கரையேறிப் பறியை இறக்கினாலும் எனக்குப் பேச ஆள் இல்லை. அதனால்தான் அந்தமான் பக்கத்துத் தீவு ஒன்றுக்குக் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டேன்.

கூப்பிட்டவர் எலி ஆராய்ச்சி செய்யும் மேடம். என் மகள் வயசு. அந்தத் தீவில் மட்டும் ஒரு எலி இருக்கிறதாம், உலகத்தில் வேறெங்கும் கிடையாதாம். "எலி வளைனா உங்க ஆளுங்களுக்குத்தான் தெரியும்ணா. கண்டுபுடிச்சுக் குடுங்க, புடிக்க வேணாம்" என்றார். காட்டூர் வயல்களில் எலி பிடித்தே வளர்ந்தவன் நான். இதென்ன பிரமாதம் என்று போனேன்.

இருபது நாள் அலைந்து ஒரு மர வேரடியில் வளையைக் கண்டுபிடித்தேன். உள்ளே குட்டிகளின் கீச்சுச் சத்தம். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கேமரா எடுத்துவரக் கூடாரத்துக்கு ஓடினார்.

அதற்குள் என் பாழாய்ப்போன கை சும்மா இருந்ததா? வளையைக் கண்டால் முதலில் பின்பக்க ஓட்டையைத் தேடி மண்ணைப் பிசைந்து அடைப்போம். இல்லையென்றால் எலி அந்த வழியாக ஓடிவிடும். நான் பிடிக்கவா வந்தேன்? இருந்தும் அடைத்தேன். அடைத்தது அப்போது உறைக்கக்கூட இல்லை.

சாயங்காலம் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. காலையில் வளை வாசல் முழுக்கத் தண்ணீர். தோண்டினேன். தாயும் குட்டிகளும் நான் அடைத்த மண்ணில் மூக்கை முட்டியபடி செத்துக் கிடந்தன.

"மழைதான் கொன்னுடுச்சு, இல்லண்ணா?" என்று மேடம் கேட்டார்.

"ஆமா மேடம், மழைதான்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் மாதம் ஒருமுறை மேடம் போன் செய்வார். "சாப்டீங்களாண்ணா?" என்று என்னைக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? உண்மையைச் சொன்னால் அதுவும் போய்விடுமே என்று பயந்தேன். ஆனால் போன மாதம் தாங்க முடியவில்லை.

"மேடம், பின்னாடி ஓட்டைய நான்தான் அடைச்சேன். கை பழக்கம். மழை மேல பழியப் போட்டுட்டேன்."



"தெரியும்ணா. மண்ணுல உங்க விரல் தடம் இருந்துச்சு. நீங்களே சொல்லுவீங்கனுதான் மாசா மாசம் போன் பண்ணேன்."

"வேற எலி எதுனா கெடச்சுதா மேடம்?"

"இல்லண்ணா" என்று வைத்துவிட்டார்.

இந்த மாதம் போன் வரவில்லை.