சின்னத் துரையின் வீட்டுக்காரர்

அரவேணு டீக்கடையில் என் மாமாவை எஸ்டேட் தொழிலாளி ஒருவர் "சின்னத் தொரை" என்று கூப்பிட்டபோதுதான் எனக்கு அது உறைத்தது. மாமா குந்தா மின் நிலையத்தில் வேலை பார்ப்பவர். தேயிலைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. எஸ்டேட்டில் உதவி மேனேஜராகச் சேர்ந்திருப்பது அவர் மனைவி, என் அக்கா.

"ஏனுங்க சின்னத் தொரை, நாளைக்கு மச்சினன் ஊட்டுல காது குத்துங்க. எங்க லயத்து ஊடுகள்ல கொஞ்சப் பேரு லீவு போட்டுக்கட்டுங்களா?"

"போயிட்டு வாங்க" என்றார் மாமா, வடையை மென்றபடி.

வெளியே வந்ததும் கேட்டேன். "லீவு குடுக்க நீங்க யாருங்க மாமா?"

"அவ்வளவு மரியாதையாக் கேக்கறாங்க. மாட்டேன்னா சொல்றது?"

நான் அக்கா வீட்டில் தங்கி ஊட்டியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். அந்த வாரம் முழுக்கப் பிரபுப் பட்டங்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் பட்டம் பெரும்பாலும் மூத்த மகனுக்குப் போகும். மனைவிக்கும் பாதி வெளிச்சம் விழும். பட்டம் பெண்ணுடையது என்றால் கணவனுக்கு ஒன்றும் கிடையாது. எங்கள் மலையில் துரைப் பட்டம் ரத்தத்தில் இறங்குவதில்லை, பங்களாவோடு கைமாறுகிறது. வெள்ளைக்காரர்கள் போன பிறகும் மேனேஜர் பெரிய துரை, உதவி மேனேஜர் சின்னத் துரை, வீட்டம்மா துரைசாணி. இப்போது பங்களாவுக்கு ஒரு பெண் வந்துவிட்டாள். ஜனங்கள் யோசிக்கவே இல்லை. இவள் துரைசாணி, அப்படியானால் புருஷன்தான் துரை.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பாதிக் களம் காலி.

"யார் லீவு குடுத்தது?" என்றார் பெரிய துரை.

"சின்னத் தொரைதானுங்க" என்றார் மேஸ்திரி.

பெரிய துரை அக்காவைப் பார்த்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்காவின் தகுதிகாண் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. "ஆளுங்க உங்களைக் கேக்கலைன்னா, நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் எப்படி எழுதறது?" என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அன்று ராத்திரி அக்கா சாப்பிடவில்லை.

"மேடம்னு கூப்பிடச் சொல்லேன்" என்றேன்.

"மேடம்னா பேங்க்ல இருக்கறவங்க. அதுக்கு ஒருத்தரும் நகர மாட்டாங்க. தொரைன்னு கூப்பிடுங்கன்னு நானே எப்படிக் கேக்கறது? நம்ம அம்மா கொழுந்துக் கூடை சுமந்த காடுடி இது."

"நான் வேணாப் பட்டத்தைத் துறந்துடறேன்" என்றார் மாமா.

"மொதல்ல டீக்கடையைத் துறங்க."

என்னால் உட்கார முடியவில்லை. அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். இந்தப் பட்டத்தைக் கொடுக்க எந்த ராஜாவும் இல்லை. யாரோ ஒருவர் முதலில் கூப்பிட்டிருப்பார், அடுத்தவர் தொடர்ந்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் மாமா விளையாட்டாகச் சொன்னதில் விஷயம் இருந்தது. பட்டத்தை வைத்திருப்பவர்தான் ஊர் பார்க்க அதைக் கைமாற்ற வேண்டும்.

மாமாவைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னேன். நாளைக் காலை அவர் குந்தா பஸ்ஸை விட்டாலும் பரவாயில்லை, பெரட்டுக்கு வர வேண்டும். எல்லார் முன்னாலும் அக்காவிடம் போய் நின்று, "சின்னத் தொரை, இன்னிக்கு நான் வேலைக்குப் போகட்டுங்களா?" என்று அவரே அனுமதி கேட்க வேண்டும். அவர் பின்னாலேயே நானும் ஊட்டிக்குக் கிளம்ப அதேபோல் அனுமதி கேட்பேன்.

மாமா ஒரே தடவையில் சொல்லிக் காட்டிவிட்டார். நான்தான் அடுக்களையில் நின்று சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் "சின்னத் தொரை"க்கு முன்னால் "அக்கா" முந்திக்கொண்டு வருகிறது. விடிவதற்குள் அதை விழுங்கப் பழகியாக வேண்டும்.