மூன்று தட்டும் ஓர் இழுப்பும்

நான் குடிப்பவன் இல்லை. அன்றைக்குக் காய்ச்சலும் இல்லை. காதில்தான் கோளாறோ என்று பிற்பாடு டாக்டரிடம் போய்ச் சோதித்தும் பார்த்துவிட்டேன். இரண்டு காதும் சுத்தமாகக் கேட்கிறது என்று சொல்லி அனுப்பினார். கோளாறு என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பேய் என்றாலே நடுராத்திரி என்று நினைப்பீர்கள். எனக்கு நடந்தது நல்ல வெயிலில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மீதி புரியும். நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் நான் வால்வுக்காரன். மெயின் குழாயில் கசிவு என்றால் நான் வால்வை மூடுவேன். இரண்டு தெரு தள்ளி இன்னொரு குழியில் ஃபிட்டர் இறங்கிச் சரிசெய்வார். குழிக்குள் செல்போன் எடுக்காது. அதனால் குழாய்தான் எங்களுக்கு டெலிபோன். ஸ்பேனரால் நான் இரண்டு தட்டு தட்டினால், ‘மூடியாயிற்று, உள்ளே போகலாம்’ என்று அர்த்தம். அவர் மூன்று தட்டினால், ‘வேலை முடிந்தது, திற’. இரும்புக் குழாயில் ஓசை ஓடிவந்துவிடும். ஒரு கம்பியைக் குழாயில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து நான் கேட்டுக்கொள்வேன்.

எனக்கு வாய்த்த ஃபிட்டர் என் மச்சினன். மனைவியின் தம்பி. சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனை, யார் யார் காலையோ பிடித்து வேலையில் சேர்த்ததே நான்தான். வந்த கொஞ்ச நாளில் அவனுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் விழுந்துவிட்டது. நடுரோட்டில் கம்பியை ஊன்றிக் காதை வைப்பான். “இங்க தோண்டுங்க” என்பான். தோண்டினால் அங்கேதான் கசிவு இருக்கும். நான் காட்டிய இடத்தில் தோண்டினால் காய்ந்த மண் வரும்.

“நீயும் ரேடியோகிட்ட கொஞ்சம் கத்துக்கோயேம்பா,” என்றார் இன்ஜினியர், எல்லோர் முன்னாலும். வீட்டுக்கு வந்து சொன்னால் மனைவி சிரிக்கிறாள்.

“என் தம்பி காது அப்படி. உங்களுக்கு அடுப்படியிலேர்ந்து நான் கத்தினாலே கேக்காது.”

சூப்பர்வைசர் ஓய்வு பெறப் போகிறார். அந்த இடம் எனக்கு வரவேண்டியது. ஆனால் ரேடியோவுக்குத்தான் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் சிரித்தாலே வயிறு எரிந்தது. அதைவிட எரிச்சல் அவனுடைய ஒரு பழக்கம். தட்டினால் தட்டோடு விடமாட்டான். கடைசியில் ஸ்பேனரைக் குழாயில் வைத்துக் ‘கர்ர்ர்ர்’ என்று ஓர் இழுப்பு இழுப்பான். கம்பியில் காதை வைத்திருக்கும் எனக்குப் பல் கூசும்.

“ஏன்டா மாப்ளே அப்படி இழுக்கற?”

“நான்தான்னு தெரிய வேணாமா அத்தான்? என் கையெழுத்து அது!”

இது நடந்த பகுதிக்கு நாங்கள் மாறிவந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. அங்கே எங்கள் வேலையெல்லாம் ஒரே மெயினில்தான். அன்று அந்தப் பெரிய மெயினில் கசிவு. ஓர் ஆளின் தோள் நுழையும் குழாய். இணைப்பைக் கழற்றி, இடுப்பு வரை உள்ளே போய்த்தான் ரப்பர் வளையத்தை மாற்ற முடியும். உள்ளே ஆள் இருக்கும்போது வால்வு திறந்தால்... அவ்வளவுதான்.

காலையில் மூடினேன். இரண்டு தட்டினேன். ‘சரி’ என்று பதிலுக்கு ஒரு தட்டு. கூடவே கர்ர்ர்ர். எல்லாம் வழக்கம்போல.

என் குழி கழுத்தளவு ஆழம். மேலே வெயில், வண்டிச் சத்தம். கீழே ஈரம். கம்பியில் காதை வைத்து உட்கார்ந்தேன். நினைப்பெல்லாம் சூப்பர்வைசர் நாற்காலியில்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். வண்டிச் சத்தம் இல்லை. எழுந்து எட்டிப் பார்த்தேன். வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. சத்தம் மட்டும் இல்லை.

மறுபடி காதை வைத்தேன்.

குழாய்க்குள் யாரோ மூச்சு விடுவது போல... காலிக் குழாயில் காற்று ஓடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் மூச்சை இழுத்தால் அதுவும் இழுத்தது. நான் நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது.

பிறகு ஒரு குரல். மெதுவாக.

“அவனுக்கா... அவனுக்கா...”

என் குரல். நான் வாயைத் திறக்கவில்லை.

டங். டங். டங்.

மணி பன்னிரண்டு நாற்பது. குழியை விட்டு வெளியேறினால் போதும் என்றிருந்தது. வால்வைத் திருகும் நீளச் சாவியை மாட்டித் திருப்பினேன். ஒரு சுற்று. இரண்டு. பெரிய வால்வில் முதல் சில சுற்றுக்குத் தண்ணீர் நகராது. மூன்று. நான்கு... சாவியில் லேசான அதிர்வு.

ஏதோ குறைந்தது.

பல் கூசவில்லை.

கர்ர்ர்ர் வரவில்லை...

டங். டங். டங்.

மறுபடி. அவசரமாக.

டங்டங்டங்.

என் கை ஐந்தாவது சுற்றுக்கு நகர்ந்தது. நான் நகர்த்தவில்லை...

எப்படி மூடினேன் என்று தெரியாது. மூடினேன். ஏறி ஓடினேன்.

அவன் குழியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. இடுப்புக்கு மேலே குழாய்க்குள். காலைப் பிடித்து இழுத்தேன்.

“ஐயோ அத்தான்! உயிரே போயிடுச்சு!”

“மூணு தட்டு தட்டினியா?”

“ஸ்பேனர் குழிக்கு வெளிய கிடக்கு. எதால தட்ட, மூக்காலயா?” சிரித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான். “வளையத்த மாத்திட்டு வெளிய வந்துட்டேன். இணைப்ப மூடலாம்னு பாத்தா, நீங்க ரெண்டு தட்டு தட்டினீங்க. எதையோ பாக்கச் சொல்றீங்கன்னு மறுபடி உள்ள போனேன்.”

நான் தட்டவில்லை.

அவன் தலைமுடி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

இருவரும் வீட்டில் மூச்சு விடவில்லை. சூப்பர்வைசர் இடம் அவனுக்கே போனது. எரிகிறதா என்று கேட்டால், எரிகிறதுதான்.

அடுத்த மாதம் சாக்கடை வேலைக்காக அங்கே ஒரு தெருவைத் தோண்டினார்கள். என் வால்வுக்கும் அவன் குழிக்கும் நடுவில், ஒரு தெரு நீளத்துக்கு, இரும்புக் குழாயே இல்லை. நாங்கள் அந்தப் பகுதிக்கு வருமுன்பே அதை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போட்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக்கில் தட்டு ஓசை பத்தடி தாண்டாது. நம்பாமல் ரேடியோ தன் குழியில் இறங்கித் தட்டினான். நான் என் குழியில் காதை வைத்தேன். ஒன்றும் இல்லை.

அப்படியானால் இத்தனை மாதம் நான் தட்டியதை அவனுக்கும், அவன் தட்டியதை எனக்கும் நடுவிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது யார்?

அதுகூடப் போகட்டும். என்னைத் தூங்கவிடாதது வேறு. அந்த இழுப்பு அதற்கு நன்றாகவே தெரியும். அன்று காலையில்கூட இழுத்துக் காட்டியது. மதியம் மட்டும் ஏன் விட்டுவிட்டது? மறந்தா? இல்லை... அது இல்லாமலே நான் திறக்கிறேனா என்று பார்க்கவா?

நான்கு சுற்று திறந்தேன்.