பார்படோஸில் ஒரு பகல்

துபாய் தேராவில் டிராவல் ஏஜென்சி வேலை, இருபத்திரண்டு வருஷம். கரீபியன் தீவுகளை என் தலையில் கட்டியபோது மேனேஜர் சொன்னது ஒன்றுதான்: "பாய், நீ பேசுறதக் கேட்டா கஸ்டமருக்கு அங்கயே போய் நிக்கிற மாதிரி இருக்கணும்."

நானே அங்கே போய் நின்றதில்லை. ஆனால் பார்படோஸ் எனக்கு மனப்பாடம். கிழக்குக் கரையில் அட்லாண்டிக் சீறும், இறங்கினால் ஆபத்து. மேற்குக் கரை குளம் மாதிரி. நம் ஊர்போல வண்டி இடப்பக்கம் ஓடும். ராணுவச் சீருடை டிசைனில் சட்டை போட்டால் பிடித்துவிடுவார்கள். கிரிக்கெட் என்றால் உயிர். நம் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம். லண்டனில் விமானம் மாற டிரான்ஸிட் விசா மட்டும் எடுக்க வேண்டும். சொல்லச் சொல்ல எனக்கே ஏக்கம் பிடித்துக்கொள்ளும்.

அப்படி ஒருநாள் மெர்சி வந்தாள். ஷார்ஜாவில் நர்ஸ், எங்கள் கடற்கரை ஊரான பெரியதாழைக்காரி. புருஷன் சேவியர் கரீபியன் பக்கத்துச் சுற்றுலாக் கப்பலில் சமையல்காரர். ஒருவருக்கு லீவ் கிடைத்தால் மற்றவருக்கு டூட்டி. இருவரும் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

"அண்ணாச்சி, அவரு கப்பல் அடுத்த மாசம் பார்படோஸ்ல ஒரு பகல் நிக்குமாம். அவர அஞ்சு மணி நேரம் வெளிய விடுவாங்களாம். எனக்கு அஞ்சு நாள் லீவு இருக்கு. பாத்துட்டு வந்துரலாமா?"

"தாராளமா வரலாம்மா."

"அங்க சாப்பாடு என்ன?"

"பறக்குற கோலா மீனும் களியும். சோள மாவுல வெண்டைக்காயப் போட்டுக் கிண்டுவான்."

"அட! அப்ப நம்ம ஊருதான்னு சொல்லுங்க!" அப்படிச் சிரித்தாள்.

காற்று பலமாக இருந்தால் கப்பல் துறைமுகத்துக்குள் வராமலே போய்விடுவதுண்டு. அது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொன்னால் போகாமல் இருந்துவிடுவாளோ என்று பயம். நான் வாயால் காட்டிய தீவை நம் கடற்கரைப் பெண் ஒருத்தியாவது கண்ணால் பார்க்கட்டும் என்று ஆசை. கிறுக்குத்தனம், வேறென்ன?

கப்பல் வரவேண்டிய நாளில் பார்படோஸிலிருந்து மெர்சி போன் செய்தாள். "கப்பல் உள்ள வரல அண்ணாச்சி. காத்தாம். தூரத்துலயே நிக்குது."

திரும்பி வந்ததும் நேரே ஆபீசுக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். "தெரிஞ்சேதான் சொல்லாம விட்டேன்மா."

"சொல்லியிருக்கணும் அண்ணாச்சி. சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். ஆனா புதுச் சேலையக் கட்டிக்கிட்டு விடியுமுன்னே போய் நின்னிருக்க மாட்டேன்."

செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: தீவின் அழகைப் பிறகு பேசுங்கள். என்னென்ன தவறிப்போகலாம் என்பதை முதலில் சொல்லுங்கள். முடிவு அவர்களுடையது.

டீ வரவழைத்துக் கொடுத்தேன். குடித்தபடி அவளே சொன்னாள்.

"நீங்க சொன்னதெல்லாம் அங்க இருந்துச்சு அண்ணாச்சி. அவரு மட்டும் இல்ல. ஒரு மணி நேரம் கப்பல் அப்படியே நின்னுச்சு. கிச்சன்ல இருந்து மேல ஓடியாந்து போன் போட்டாரு. நான் கரையில நின்னு முந்தானைய ஆட்டுனேன். தெரியுதான்னு கேட்டேன். 'தெரியுது புள்ள, செவப்புச் சேல, நல்லாத் தெரியுது'ன்னாரு."

டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் கட்டியிருந்தது நீலம். ஆமான்னு சொல்லி, இன்னும் வேகமா ஆட்டுனேன்."