தபாலாபீஸுக்கு அறை தேடி வேப்பந்தட்டை வரை

தலைநகரை இடம் மாற்றிய மன்னர்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடும் ஊர் ஒன்று வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே போஸ்ட்மாஸ்டர் மாறினால் தபாலாபீஸே எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

சின்னக் கிராமங்கள் பலவற்றில் தபாலாபீஸுக்கென்று கட்டடம் கிடையாது. வேலைக்கு வருகிறவரே ஊருக்குள் ஓர் அறை பிடித்துக்கொள்ள வேண்டும். என் அக்கா மகள் ஜெசிந்தாவுக்கு அந்த ஊர் போஸ்ட்மாஸ்டர் வேலை கிடைத்தது. மாதக் கடைசிக்குள் அறையைக் காட்டாவிட்டால் வேலை போய்விடும். இரண்டு முறை போய் வெறுங்கையோடு திரும்பினாள். வரதராஜன்பேட்டை மாதா கோயிலில் அக்கா ஏற்றிய வேண்டுதல் மெழுகுவத்திகளால் ஜில்லாவில் மெழுகுக்கே தட்டுப்பாடு வந்த நிலையில், கடைசி ஆயுதமாக என்னை அழைத்தார்கள்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை 7.10க்கு அரியலூரில் பஸ் ஏறினோம். பெரம்பலூருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் நாங்கள் முந்திய சிமென்ட் லாரிகளை வரிசையாக நிறுத்தினால் இமயமலையைத் தொடும். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது என்பதை, ரயில் உள்ள ஊர்க்காரன் என்ற முறையில், பஸ்ஸுக்குள் இரண்டு முறை உரக்கச் சொன்னேன். ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பழைய பஸ் ஸ்டாண்டில் பொங்கலும் வடையும், இரண்டு பேருக்கு 110 ரூபாய். அங்கிருந்து வேப்பந்தட்டைக்கு முக்கால் மணி. மக்காச்சோளக் காட்டைத் தாண்டி மேற்கே மலை தெரிந்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு 120 ரூபாய்க்கு ஓர் ஆட்டோ.

“போஸ்ட் ஆபீஸ் போகணும் தம்பி” என்றேன்.

“எந்த போஸ்ட் ஆபீஸுங்க? வாத்தியார் போஸ்ட் ஆபீஸா, கடைக்காரர் போஸ்ட் ஆபீஸா, இல்ல இப்ப இருக்கறதா?”

லண்டனில்கூட ஒரு தெருவுக்கு ஒன்றுதான் இருக்கும் என்று வியந்தேன். ஆட்டோக்காரர் சிரித்து, தபால் வம்சத்தின் வரலாற்றை விளக்கினார். முதலில் ஒரு வாத்தியார், தன் வீட்டு முன்னறையில். அடுத்து மளிகைக் கடைக்காரர், பருப்பு மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில். மூன்றாமவர் இப்போதுதான் ஓய்வு பெற்றவர். அவருடைய அறையில் மகன் செல்போன் கடை வைக்கப் போகிறார். ஆபீஸ் எப்போதோ போய்விட்டாலும் அந்த வீடுகளை ஊர் இன்னும் அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறது. ஆபீஸுக்கு அறை தேடி வந்திருப்பதை ஜெசிந்தா சொன்னாள்.

“வாத்தியார் போஸ்ட் ஆபீஸ் வூட்டுலதான் ரோட்டுப் பக்கம் ரூம் காலியா கெடக்கு. கேட்டுப் பாருங்க” என்று இறக்கிவிட்டார்.

வாசலில் வெள்ளை வேட்டியில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “வாத்தியார் போஸ்ட் ஆபீஸ் வீடு இதுதானுங்களா?” என்றேன் கம்பீரமாக.

பேப்பர் மெல்ல இறங்கியது. “இது தலைவர் வூடு.”

பட்டணங்களில் மேயர், இங்கே பஞ்சாயத்துத் தலைவர். அங்கியும் சங்கிலியும்தான் வித்தியாசம். வாத்தியாரிடம் வீட்டை விலைக்கு வாங்கி, மாடி கட்டி, இரண்டு முறை தலைவராக இருந்து, மூன்றாம் முறை தோற்றவர் இவர். இத்தனைக்குப் பிறகும் ஊர் அவர் வீட்டைத் தலைவர் வீடு என்று சொல்லவில்லை.

நிலைமையைச் சரிசெய்ய நான் வாயைத் திறந்தேன். அறையை மட்டும் கொடுத்தால் தினமும் ஆயிரம் பேர் இந்த வாசலுக்கு வருவார்கள், கலெக்டரே ஸ்டாம்ப் வாங்க வரிசையில் நிற்பார் என்றேன்.

“அப்ப இன்னும் நூறு வருசத்துக்கு இது போஸ்ட் ஆபீஸ் வூடுதான். முடியாதுங்க, போயிட்டு வாங்க” என்று எழுந்துவிட்டார்.

“மாமா, நீங்க சித்த சும்மா இருங்க” என்றாள் ஜெசிந்தா. தலைவர் பக்கம் திரும்பினாள். “சார், ஆயிரம் பேரெல்லாம் வரமாட்டாங்க. பத்துப் பேரு வருவாங்க. அதுல பாதிப் பேரு, நூறு நாள் வேலைக் காசு ஏறிருச்சான்னு கேக்க வர்றவங்க. கேட்டுட்டு ஒடனே போகவும் மாட்டாங்க. ஒக்காந்து பேசிக்கிட்டே இருப்பாங்க. அதான், வாசல்ல எடம் உள்ள வூடா தேடுறேன்.”

உள்ளிருந்து தலைவரின் மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்தார்.

“குடுத்துத் தொலைங்களேன். தோத்த அன்னிலேர்ந்து இந்த வாசப்படிய யாரு மிதிச்சா? காலைல பேப்பரப் படிச்சிட்டு அதுல உள்ள சண்டையெல்லாம் எங்கிட்டத்தான் போடுறீங்க. பத்துப் பேரு வந்தா என் காதாவது ஓயும்.”

தலைவர் பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். ஜெசிந்தா என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். நான் வாழ்க்கையில் முதன்முறையாக முழுதாக ஒரு நிமிடம் வாய்மூடி நின்றேன்.

“எத்தன மணிக்குத் தொறப்ப?”

“ஒம்பதரைக்கு சார்.”

“ஒம்பதுக்கே வரச் சொல்லிரு எல்லாரையும்.”

சாவியை எடுக்க அவரே உள்ளே போனார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். வேப்பந்தட்டையிலிருந்து ஆட்டோவைப் போகவரப் பேசிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன், தலைவர் படித்துவிடுவார். தபாலாபீஸ் இடம் மாறும் ஊர் எது என்று வேப்பந்தட்டை ஆட்டோக்காரர்களைக் கேளுங்கள். தபாலாபீஸில் ஸ்டாம்ப் வாங்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் வாசலில் தலைவர் தண்ணீர்த் தொட்டி கட்டிய வரலாற்றைக் கேட்க முக்கால் மணி ஒதுக்குங்கள். நடுவில் டீ வரும், நல்ல டீ. நேற்று ஜெசிந்தா போனில் சொன்னாள், தொட்டிக் கதை முடிந்து தலைவர் தெருவிளக்குக்கு வந்துவிட்டாராம். சீக்கிரம் கிளம்புங்கள். தாமதித்தால் அவர் சிமென்ட் ரோடு போட்ட கதையில்தான் போய்ச் சேர முடியும்.