அசையாமல் நிற்கப் பழகிய கியூசிக்

பாங் கியூசிக்கால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதுகூட ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். பேருந்தில் இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்து நின்றபடிதான் போவான். பூசான் துறைமுகத்தை ஒட்டிய யோங்தோ தீவில், ஒரு பொதுக் குளியல் கூடத்தின் ஆண்கள் பக்கத்தில் அவனுக்கு வேலை. வெந்நீரில் ஊறி எழுந்து வருகிறவர்களைப் பலகையில் படுக்க வைத்து, கரகரப்பான துணியைக் கையில் மாட்டிக்கொண்டு, உடம்பு சிவக்க அழுக்குத் தேய்த்துவிட வேண்டும். வருகிறவர்களெல்லாம் கப்பல் பட்டறைக்காரர்களும் மீன்பிடிக் கப்பல் ஆட்களும். ஒவ்வொரு முதுகும் கதவு மாதிரி இருக்கும். கியூசிக்குக்கு நாற்பது தாண்டியும் விலா எலும்பை எண்ணிவிடலாம்.

அவன் மனைவி மல்நம் பட்டறையில் துரு தட்டுகிறவள். கரையேற்றிய கப்பலின் பக்கவாட்டில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பலகையில் உட்கார்ந்து, நாள் முழுக்கச் சுத்தியலால் துருவையும் ஒட்டிக்கிடக்கும் சிப்பியையும் தட்டி உதிர்ப்பாள். இரும்புச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. அதனால் அவளுக்கு மெல்லப் பேச வராது. புருஷனிடம் அவள் ரகசியம் சொன்னால் சந்து முழுக்கக் கேட்கும்.

அந்த வருஷம் வசந்தத்தில் பட்டறைக் குடும்பங்கள் மலையடிவாரத்துக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போயிருந்தன. அரிசிக் கள் இரண்டு சுற்று வந்ததும், எதிராளியின் கையைப் பிடித்துச் சாய்க்கும் கைமல்லு தொடங்கியது. துரு தட்டும் பெண்கள் கியூசிக்கைப் பிடித்து இழுத்தார்கள்.

"வாங்க அத்தான், அக்காவோட கையைப் பிடிச்சு எத்தனை நாளாச்சு?"

"பயப்படாதீங்க, இடது கையாலதான் பிடிப்பாங்க!"

மல்நம் வலது கையால்தான் பிடித்தாள். கியூசிக் மூச்சை இழுப்பதற்குள் அவன் கை பாயில் கிடந்தது. எல்லோரும் சிரித்தார்கள். கியூசிக்கும் சிரித்தான். வீடு திரும்பும் வழியில் மல்நம் அதை மறந்தேவிட்டாள். அவனால் முடியவில்லை. பலகையில் படுத்திருக்கும் ஒவ்வொரு முதுகும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றியது.

அடுத்த விடுமுறை நாளில் பாலத்தைத் தாண்டி நகரத்துக்குப் போய், பழைய புத்தகக் கடைச் சந்தில் ஒரு புத்தகம் வாங்கி வந்தான். எழுதியவர் மா சாங்பே. இரண்டு முறை தேசிய ஆணழகன். அட்டையில் எண்ணெய் மினுக்கத்துடன் நின்றார். தொடை இரண்டும் கள் ஜாடிகள் மாதிரி.

கியூசிக் முன்பக்கங்களைப் புரட்டித் தள்ளினான். எழுத்தாக இருந்தது. படம் தொடங்கும் நடுப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தான். குளியல் கூடத்தின் கொதிகலன் அறையில், பழைய தண்ணீர்க் குழாயின் இரண்டு முனையிலும் பெயிண்ட் டப்பாக்களை மாட்டி அவற்றில் சிமெண்ட் ஊற்றினான். மதியத்துக்குப் பிறகு கூட்டம் குறைந்ததும் அங்கே போய்த் தூக்குவான். தினமும் தூக்கினான். கைக்கு, தோளுக்கு, முதுகுக்கு என்று புத்தகம் பிரித்து வைத்திருந்ததையெல்லாம் ஒரே நாளில் செய்து முடித்தான். பிறகு போய் மறுபடி முதுகு தேய்த்தான்.

கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் தக் என்கிற பெரியவர், கரி அள்ளுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்.

"டேய், அந்தக் கம்பி உன்னைத் தூக்குதா, நீ அதைத் தூக்குறியா?"

"இன்னும் ஆறு மாசம் கழிச்சுப் பாருங்க அண்ணே."

"ஆறு மாசத்துல நீயே இருக்கமாட்ட போலிருக்கே. உன் கன்னம் எங்கடா போச்சு?"

அவர் சொன்னது சரிதான். கோடை போய் இலை உதிர்ந்தபோது கியூசிக் முன்பைவிட மெலிந்திருந்தான். படுத்தால் தூக்கம் வரவில்லை, தோள் துடித்தது. ஆனாலும், உள்ளே ஏதோ திரண்டு வருகிறது, வெளியே தெரியத்தான் நாளாகும் என்று நம்பினான். குளிர்காலத்துக்காக முட்டைக்கோஸில் மிளகாய் தடவிக் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாளில் பட்டறைப் பெண்கள் வீட்டு முற்றத்தில் கூடியிருக்கையில், மல்நமிடம் தானாகவே கையை நீட்டினான்.

"இன்னொரு தடவை பார்க்கலாம்."

"கையெல்லாம் மிளகாய்ங்க!"

"பரவாயில்ல, பிடி."

அவள் பிடித்தாள். இந்த முறையும் அவன் கைதான் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அன்று மாலையே கொதிகலன் அறைக்குப் போய், டப்பாக்களோடு இன்னும் இரண்டு செங்கல்லைக் கட்டித் தலைக்கு மேலே தூக்கினான். வலது தோளில் துணி கிழிகிற மாதிரி ஏதோ ஆனது. கம்பி விழுந்த சத்தத்தில் தக் ஓடி வந்தார்.

தோளில் தசைநார் பாதி கிழிந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். வசந்தம் வரை முதுகு தேய்க்கக் கூடாது. குளியல் கூடத்தில் வேறு ஆளை வைத்தார்கள். கையைத் துணித் தொட்டிலில் மாட்டிக்கொண்டு கியூசிக் தீவைச் சுற்றிச் சுற்றி நடந்தான். வீட்டுக்கு வந்தால் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்தான்.

"உட்காருங்களேன், தரை தேஞ்சிடும்!" என்று மல்நம் கத்தினாள்.

"உட்கார்ந்தா உடம்பு அரிக்குது."

"என்னதான் எழுதியிருக்காரு அந்த மனுஷன்? கொண்டாங்க இங்க."

அவள் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். அவளுக்கு வாய்விட்டுத்தான் படிக்க வரும். அவள் குரலில் மா சாங்பே சந்து முழுக்கப் பேசினார்.

"'தசை வளர்வது தூக்கும்போது அல்ல, ஓய்வெடுக்கும்போது. வாரத்தில் மூன்று நாள் போதும். உறங்காதவன் என் புத்தகத்தை மூடிவிடலாம்.' ஏங்க, இதைப் படிச்சீங்களா?"

"அதெல்லாம் சோம்பேறிங்களுக்கு எழுதினது."

"சோம்பேறி ரெண்டு தடவை ஜெயிச்சிருக்கானா?" அவள் பக்கத்தைத் திருப்பினாள். "'தினம் முட்டை, மீன், பருப்பு.' நீங்க காலையில என்ன சாப்பிட்டீங்க? காப்பி! நடுவுல இருந்து படிச்சா இப்படித்தான் பாதியில கிழியும்!"

மறுநாள் எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "கியூசிக், தூங்கினியாப்பா? மா சாங்பே கேட்கச் சொன்னாரு."

வசந்தத்தில் தோள் ஆறி அவன் குளியல் கூடத்து வேலைக்குத் திரும்பியதும் மல்நமே முறை வைத்தாள். திங்கள், புதன், வெள்ளி தூக்கலாம். மற்ற நாளில் வேலை முடிந்தால் நேரே வீடு. எடை கூடினாலும் தூக்குவது அவனுக்குக் கடினமாகத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமைதான் கடினமாக இருந்தது. சாயங்காலம் தரையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்தபடி, கொதிகலன் அறையில் சும்மா கிடக்கும் கம்பியையே நினைத்துக்கொண்டிருப்பான். ஒருமுறை செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டான்.

"எங்க?"

"காத்து வாங்க."

"காத்து இங்கயும் வருது. உட்காருங்க."

திரும்பி வந்து உட்கார்ந்தான். அடுத்த குளிர்காலம் வருவதற்குள் அவன் தோள் திரண்டது. சட்டைகளின் கழுத்துப் பொத்தான் பூட்டவில்லை. பலகையில் படுத்த ஒரு கப்பல்காரன், "யாரய்யா இது, புது ஆளா?" என்று தலையைத் திருப்பிப் பார்த்தான்.

அடுத்த வருஷம் நகரத்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு போட்டி அறிவித்தார்கள். கியூசிக் பெயர் கொடுத்தான். புத்தகத்தின் கடைசிப் பகுதி மேடையில் நிற்பது பற்றியது. ஒவ்வொரு நிலையிலும் நடுவர் போதும் என்கிறவரை அசையக் கூடாது. வீட்டுக் கண்ணாடி முன்னால் கையை மடக்கி நின்றால் அவனுக்குக் கண் சிமிட்டும், விரல் நெளியும், கால் தாளம் போடும். மல்நம் சோற்றுக் கரண்டியோடு பக்கத்தில் நின்று, அசைந்த இடத்தில் தட்டினாள்.

போட்டியன்று பட்டறைப் பெண்கள் வேலை உடுப்போடு வந்து முன்வரிசையை நிறைத்தார்கள். மேடையில் ஐந்து பேர். உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, சின்னக் கால்சட்டையில் விளக்கொளியில் கியூசிக் நின்றான். முதல் நிலை நன்றாகப் போனது. இரண்டாவதும் போனது. முதுகைக் காட்டித் திரும்பி நின்றபோது வலது கால் ஆடத் தொடங்கியது. அடக்கப் பார்த்தான், ஆட்டம் இடுப்புக்கு ஏறியது.

கூடத்தின் அமைதியில் மல்நமின் குரல் எழுந்தது. பக்கத்துப் பெண்ணிடம் மெல்லச் சொல்வதாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

"பாவம், கால் நடுங்குது. ஆனா முதுகைப் பாரேன், எவ்வளவு அழகா இருக்கு!"

கூடமே சிரித்தது. நடுவர் ஒருவர் காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டார். சுவரைப் பார்த்து நின்றிருந்த கியூசிக்கின் காது சிவந்தது. யாரும் அவனைக் கேலி செய்து சிரிக்கவில்லை என்பது அவனுக்கு எப்படியோ தெரிந்தது. மூச்சை இறக்கினான். கால் நின்றது. நடுவர் போதும் என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

நான்காவது இடம் கிடைத்தது. பரிசு மூன்று பேருக்குத்தான். போட்டிக்காக நாள்கணக்கில் உப்பில்லாமல் சாப்பிட்டவனை, பெண்கள் நேரே பன்றிக்கறிச் சூப்புக் கடைக்கு இழுத்துப்போனார்கள்.

"அந்தத் திரும்புற நிலையில மட்டும் ஆடாம இருந்திருந்தா மூணாவது" என்றான் கியூசிக், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு. "அடுத்த வருஷம் காலுக்குத் தனியா ஒரு நாள் ஒதுக்கணும். நாளைக்கே..."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை" என்றாள் மல்நம், கடை முழுக்கக் கேட்கும்படி. "சூப்பு ஆறுது, சாப்பிடுங்க."