மல்லாந்த பூச்சிகள் எழுந்த மாலை

அக்லாயா முந்தியானு இருபத்திரண்டு வருஷமாகக் கலாட்ஸ் நகரத்து அடுக்குமாடிகளில் கரப்பான் மருந்து அடித்து வந்தவள். ஐம்பத்து நான்கு வயது, ஒட்டிய கன்னம், முதுகில் எப்போதும் மருந்து டப்பா. எங்கள் எட்டு மாடிக் கட்டடத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவாள். வேலை முடிந்ததும் இரண்டாம் மாடியில் என் வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் கிளம்புவாள். அவள் வந்து போனால் பூச்சி ஒழிந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம், போன குளிர்காலம் வரை.

ஜனவரியில் அவள் அடித்துப்போன நாலாம் நாளே சுவரெல்லாம் ஓட்டம். மூன்றாம் மாடி குண்டு திதினா, பேரனுடைய பால்புட்டியின் மூடியைத் திறந்தபோது உள்ளிருந்து ஒன்று ஓடிவந்து அவள் கட்டைவிரலில் ஏறியது. அவள் போட்ட கூச்சல் ஒரு மாடி கீழே இருக்கும் எனக்கே கேட்டது.

"மருந்துல தண்ணியக் கலந்துட்டு மிச்சத்தை வெளிய வித்துடுறா. எனக்குத் தெரியாதா இவங்க வேலை?" என்று கதவு கதவாய்த் தட்டி, மருந்தடிக்கும் கம்பெனிக்கு எழுதிய புகார்த் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் அக்லாயா பிப்ரவரியில் தானாகவே வந்தாள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ப்ளெஷ்கா கண்ணெதிரே புது டப்பாவின் முத்திரையை உடைத்து, காலையிலிருந்து அடித்தாள். மத்தியானம் படிக்கட்டிலும் நிலவறையிலும் மல்லாந்து கிடந்ததையெல்லாம் கூட்டி ஒரு காகிதப் பையில் அள்ளினாள்.

மாலை ஆறு மணிக்குத் துணி உலர்த்தும் அறையில் குடியிருப்பவர்கள் கூட்டம். அக்லாயா மேசையில் செய்தித்தாளை விரித்துப் பையைக் கவிழ்த்தாள். இருநூறாவது இருக்கும்.

"இதுல தண்ணி இருக்கா சொல்லுங்க" என்றாள்.

எல்லோரும் மேசைமேல் குனிந்து பார்த்தார்கள். திதினாகூடக் கொஞ்சம் பின்வாங்கினாள். அப்போதுதான் குவியலுக்குள் ஒரு மீசை அசைந்தது. பிறகு ஒரு கால். ஒன்று புரண்டு நிமிர்ந்தது, இன்னொன்று நிமிர்ந்தது. ஒரு நிமிஷத்துக்குள் செய்தித்தாள் சரசரக்க ஆரம்பித்துவிட்டது. முதலில் ஓடியது நேராக ப்ளெஷ்காவின் சட்டைக் கைக்குள் நுழைந்தது.

அறை காலியாக அதிக நேரம் ஆகவில்லை. நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன. அக்லாயா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். செத்துப்போனவரைப் புதைத்துவிட்டு வீடு திரும்பியபோது, அவரே வந்து கதவைத் திறந்ததைப் பார்த்தவள் போலிருந்தாள்.

"அக்கா, வா போகலாம்" என்று தோளைத் தொட்டேன்.

"ஒரு ஜாடி குடு" என்றாள்.

எழுந்து ஓடியதில் பிடிபட்டவற்றை ஜாடியிலும், எழாததைத் தாளிலும் என் அடுப்படிக்குக் கொண்டுவந்து விளக்கடியில் வைத்தோம். பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தாள். எழாதவை பெரும்பாலும் ஒடுங்கிய உடம்புள்ளவை, ஆண்கள். ஜாடியில் இருந்தவை அகன்ற வயிறுள்ளவை. சிலதின் பின்புறம் முட்டைப் பை துருத்திக்கொண்டிருந்தது.

"எந்திரிச்சது முக்கால்வாசி பொம்பளைங்க" என்றாள், குரல் எழும்பாமல். ஒன்றை ஊசியால் கிழித்தாள். உள்ளே வெள்ளை வெள்ளையாய்க் கொழுப்பு. "நாம அடிக்கிற மருந்து எண்ணெயில கரையுற சாதி. இந்தக் கொழுப்புலயே தங்கிடுதோ என்னவோ. நரம்பு வரைக்கும் போனாத்தானே சாகும்?"

"அப்ப எங்க திதினாவுக்கு அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த இரண்டு வாரம் அவள் வீட்டு ஜன்னலோரம் ஜாடிகளாய் நின்றன. பெண் பூச்சிகளில் பாதிக்குப் பலகாரத் துண்டு, மீதிக்கு வெறும் தண்ணீர். பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே அளவு மருந்து. பட்டினி கிடந்ததில் பெரும்பகுதி விழுந்தது, எழவில்லை. தின்று கொழுத்தவை விழுந்தன, மறுநாள் காலை ஜாடிக்குள் உலாத்திக்கொண்டிருந்தன.

"இதுங்களுக்கு இவ்வளவு தீனி எங்கேருந்து வருது?" என்று ப்ளெஷ்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு தரைத்தளத்துக்குப் போனாள். அங்கே சாந்துவின் கடை. காலையிலிருந்து மாலைவரை மாவு உருண்டைகளைப் பன்றிக் கொழுப்பில் பொரிப்பான். கடை கண்ணாடி மாதிரி இருக்கும்.

"தினம் ரெண்டு வேளை துடைக்கிறேன்க்கா, வேணும்னா நக்கிப் பாருங்க" என்றான் சாந்து.

அக்லாயா அடுப்புக்குப் பின்னால் இருந்த தகட்டின் திருகாணிகளைக் கழற்றினாள். தகடு சாய்ந்ததும் சாந்து "ஐயோ கடவுளே" என்று மாவுச் சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டான். குழாய்கள் ஏறும் சந்து முழுக்க, ஆள் உயரத்துக்கு, வருஷக்கணக்காய் ஆவியும் தெறிப்புமாய் உறைந்த பழுப்புக் கொழுப்பு. அதன் மேற்பரப்பு நகர்ந்துகொண்டிருந்தது. அந்தச் சந்து எட்டாம் மாடிவரை எல்லா அடுப்படிக்கும் போகிறது.

ப்ளெஷ்கா வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தார். அக்லாயா கழற்றிய திருகாணிகளைக் கையில் வைத்தபடி என்னிடம் சொன்னாள்: "இருபத்திரண்டு வருஷம்டி. மெலிஞ்சதைக் கொன்னுட்டு, கொழுத்ததை வளர்த்துவிட்டிருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் இதைக் கழட்டிப் பார்க்கலையே."

அவள் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன்.

சாந்து தானே கடையை ஒரு மாதம் மூடினான். ஆறு பேர் சுரண்டி, வெந்நீர் விட்டுக் கழுவி, அந்தக் குழாய்ச் சந்தின் வாயை அடைத்தார்கள். மூன்று வாரம் பூச்சிகளைப் பட்டினி போட்டபின் அக்லாயா மருந்து அடித்தாள். ஈஸ்டருக்குள், அடுப்படிகளில் அவள் வைத்த ஒட்டுப்பொறிகளில் வாரம் விழுவது நாற்பதிலிருந்து இரண்டு மூன்றாகக் குறைந்தது. அடியோடு போகவில்லை, போய்விட்டதாக அவள் சொல்லவும் இல்லை.

திதினா புகாரைத் திரும்பப் பெறவில்லை. கம்பெனி அக்லாயாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஜாடி விஷயத்தை எடுத்துச்சொன்னதற்கு மேலாளர், "உன்னை மருந்தடிக்கத்தான் வச்சிருக்கோம், சுவரைப் பேத்துப் பார்க்க இல்ல" என்றாராம். மே மாதம் வேலையை விட்டுவிட்டாள்.

இப்போது தனியாகப் போகிறாள். பையில் மருந்து டப்பாவோடு திருப்புளியும் சுரண்டு தகடும். பழைய கட்டடங்களைப் பட்டியல் எடுத்து, முன்பு அடித்த வீடுகளுக்கே திரும்பப் போகிறாள். "மருந்தடிக்க வந்தவ எதுக்கு அடுப்பை நகர்த்துறே?" என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. நகர்த்தி முடித்த பிறகு அவர்களையே எட்டிப் பார்க்கச் சொல்கிறாள்.